துண்டறிக்கையில் விட்ட சொல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் இந்த விஷயத்தில் எங்கெல்லாம் கோபப்பட்டேனோ, அங்கெல்லாம் தப்பு என் பேரில்தான் இருந்தது.

2001-ஆம் வருடம். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அமைப்பு இருந்தது. தூய எரிசக்தியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, அதிகாரிகளிடம் மனு கொடுப்பது, சின்னச் சின்னதாகச் செய்து காட்டுவது, இதுதான் வேலை. நான் அங்கே தொடர்பு அலுவலர். ஏழு வருடம் மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்துவிட்டு வந்தவள். வேலையில் சேர்ந்த அன்று என் தம்பி ஐசக், "தொடர்பு அலுவலர்னா இன்னாக்கா, டெலிபோன் கனெக்‌ஷன் குடுப்பியா?" என்று கேட்டான். முறைத்தேன். ஆனால் வேலை எனக்குப் பிடித்திருந்தது. துண்டறிக்கை எழுதுவேன். செய்திக்குறிப்பைக் கவரில் போட்டுப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பு செய்ய ஏற்பாடு பண்ணுவேன். ஏலகிரி மலைமேல் சூரிய விளக்கு கொடுத்தபோது நான் எழுதிய துண்டறிக்கையைச் சில வீடுகளில் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்த வருடம் ஆம்பூர் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைப் பிடித்தோம். தோல் தொழிற்சாலைகளில் தோலின் உள்பக்கத்தைச் சீவும்போது சவ்வு மலைபோல விழும். வெள்ளையாக, கொழகொழவென்று இருக்கும். ஆற்றோரம் கொட்டுவார்கள், நாறும். அந்தச் சவ்வைச் சாணியோடு கலந்து மூடிய தொட்டியில் போட்டால் எரிவாயு வரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் தொட்டி கட்டி, குழாய் போட்டு, சமையல் அடுப்புக்குக் கொண்டுவந்தோம். வாயுவை இரும்புத் தூள் வழியாக வடிகட்டி விட்டதால் வாடை துளிகூட இல்லை.

நான் முதன்முதலாக அங்கே போனபோது தகரக் கூரைக்குக் கீழே புகைதான் தெரிந்தது. அதற்குள்ளிருந்து இருமல் வந்தது. பிறகு அம்பிகா வந்தார். சத்துணவு சமையலர். நாற்பத்திரண்டு வயது இருக்கும். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஒன்பது வருடமாக நூற்றெண்பது பிள்ளைகளுக்கு அந்தக் கூரைக்குள் விறகடுப்பில் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை ஜாஸ்தி பசியோடு வரும் என்று பெயர் பெயராகச் சொல்வார். குழம்பைச் சுவைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. கொதிக்கும்போது வரும் வாசனையை வைத்தே உப்பு கம்மியா சரியா என்று சொல்லிவிடுவார்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பெரிய பழுப்புக் கவர் இருந்தது. எக்ஸ்ரே. வேலூரில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இனி விறகுப் புகை ஆகாது, இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் நெஞ்சு திரும்பாது. வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்காரர் இல்லை. மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொட்டி வாயுவில் அடுப்பு எரிந்தால் அம்பிகா சமைக்கலாம். எரியாவிட்டால் நெஞ்சையோ வேலையையோ விட வேண்டியதுதான். இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை, அவருடைய உதவியாளர். அம்பிகா தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

தொட்டி வேலை முடிவதற்குள் துண்டறிக்கை தயாராக வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'இயற்கைக் கழிவிலிருந்து பிறக்கும் நீலச் சுடர், உங்கள் பிள்ளைகளின் சோற்றுக்கு.' படிக்கும்போது எனக்கே மனசு குளிர்ந்தது. எங்கள் இயக்குநர் ரத்தினசாமி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது பெர்சிஸ். ஆனா தோல்ங்கற வார்த்தையே காணோமே. மறைக்கிறமோ?"

"சார், இது சாப்பாட்டு விஷயம். தோல் சவ்வுன்னு போட்டா ஜனங்க மூக்கைப் பிடிச்சுட்டு ஓடிருவாங்க. ஜனங்களுக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். எழுதற வேலை என்னோடது."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பாவம், அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அம்பிகாவிடம் ஒரு கட்டைக் கொடுத்தபோது அவரும் நின்றுகொண்டே முழுசாகப் படித்தார்.

"எல்லாம் அழகா இருக்குது மேடம். தோல் எங்க?"

"அக்கா, அதைப் போட்டா ஜனங்களுக்கு அருவருப்பா இருக்கும்."

"இந்த ஊர் ஜனங்களுக்கா?" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ராஜாங்கமாகப் போனது. தொட்டியின் வால்வு, குழாயில் தண்ணீர் தேங்கினால் வடிக்கும் திருகு எல்லாவற்றையும் அம்பிகா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். ஒரு நாள் சுடரின் நுனி லேசாக மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு, "வடிகட்டி அடைச்சிருக்குது, வந்து பாக்கச் சொல்லுங்க" என்று போன் செய்தார். எங்கள் பொறியாளர் போய்ப் பார்த்தால் அவர் சொன்னபடியேதான் இருந்தது. தகரக் கூரையின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஒன்பது வருடக் கரி போய்த் தகரம் பளிச்சென்று தெரிந்தது. நான் போட்டோ எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையாளர்களுக்குக் காட்ட ஸ்லைடு கூடத் தயார்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, சவ்வு ட்ரம்களை ஏற்றி வந்த டிராக்டர் பள்ளிக்கூட வாசலில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தார்ப்பாய் விலகியது. ஒரு ட்ரம் உருண்டு வாசலிலேயே கவிழ்ந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரம். வெள்ளையாகச் சவ்வு ரோடு முழுக்கப் பரவியது. ட்ரம்மின் பக்கத்தில் பச்சைப் பெயிண்டில் தொழிற்சாலையின் அடையாளம் இருந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த முனியம்மா அந்தப் பச்சை அடையாளத்தையும் பார்த்தாள், குழாய் போன திசையையும் பார்த்தாள். அந்தத் தொழிற்சாலையில்தான் அவள் சவ்வு சீவும் வேலை செய்கிறாள்.  மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

அன்று மத்தியானம் தொண்ணூறு பிள்ளைகள்தான் தட்டை நீட்டினார்கள். மறுநாள் இருபத்துமூன்று. மற்றவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவந்தார்கள். அம்பிகா வடித்த சோறு அண்டாவில் அப்படியே கிடந்தது. பி.டி.ஓ. அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: வெள்ளிக்கிழமை மத்தியானம் நூறு பிள்ளைகளாவது சாப்பிடாவிட்டால் குழாயை மூடிவிட்டு விறகுக்கே திரும்ப வேண்டும்.

வியாழக்கிழமை காலை நான் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது விறகே வந்திறங்கியிருந்தது. ஒரு லோடு சவுக்குக் கட்டை. அம்பிகா அதைக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்க அக்கா! இதை எதுக்கு நீங்க அடுக்குறீங்க?" எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மேகம் போட்டிருக்குது மேடம். நனைஞ்ச விறகு ஜாஸ்தி புகையும்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி வரும்போது அழுகையெல்லாம் கோபமாக மாறியிருந்தது. ஊர் ஜனங்களின் பேரில்தான் கோபம். படிப்பறிவு இல்லாத ஜனங்கள், மூடநம்பிக்கை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பையிலிருந்து இரண்டாவது துண்டறிக்கையை எடுத்தேன். முந்தின நாள் எழுதி அச்சடித்தது. மீத்தேன் என்றால் என்ன, அது சோற்றில் ஏன் ஒட்டாது என்று இரண்டு பக்கம்.

அம்பிகா வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நாத்தம் வராதுன்னு எழுதியிருக்கீங்க. நாத்தம் வருதுன்னு யார் சொன்னது?"

"அதனாலதானே அக்கா சாப்பிட மாட்டேங்கறாங்க?"

"நீங்க யாரையாச்சும் கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. தொடர்பு அலுவலர் என்று அட்டை அடித்து வைத்துக்கொண்டு, ஒரு ஆளைக்கூடக் கேட்கவில்லை. இருந்தும் வீம்பு விடவில்லை. சர்தார் பாஷாவின் ஆட்டோவை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் ஆம்பூரில் அவர் ஒலிபெருக்கிதான். என் குரலில் பதிவு செய்த கேசட்டைப் போட்டோம். "அன்பார்ந்த பெற்றோர்களே, அறிவியல் என்ன சொல்கிறது தெரியுமா..." மூன்று தெரு சுற்றினோம். மூன்று தெருவிலும் கதவைச் சாத்தினார்கள்.

"பேஜாரா போச்சு மேடம்," என்றார் பாஷா பாய். "மாடு காணோம்னு சொன்னாகூட நாலு பேர் வெளிய வந்து நிப்பாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொழிற்சாலை விடும் நேரம் பார்த்து அம்பிகா ஆட்டோவில் ஏறிக்கொண்டார். சவ்வு சீவுகிற பெண்கள் குடியிருக்கும் தெரு முனையில் நிறுத்தச் சொன்னார். கேசட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கைக் கையில் வாங்கினார்.  அதுவரைக்கும் அவர் மைக்கில் பேசியதே இல்லை.

"நான் சத்துணவு அம்பிகா பேசறேன். ஸ்கூல் அடுப்புல எரியற கேஸு தோல் சவ்வுல இருந்து வருது. மொத நாள்ல இருந்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சே உங்க பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன். உங்ககிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வந்த பெண்கள் அங்கங்கே நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எனக்கு என் தொழில் புத்தி போகுமா? அவர் காதருகே குனிந்து, "அக்கா, நெஞ்சு விஷயத்தைச் சொல்லுங்க, எக்ஸ்ரே, டாக்டர் சொன்னது எல்லாம் சொல்லுங்க, மனசு எளகிருவாங்க" என்றேன்.

அம்பிகா மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவங்க பிள்ளைங்க சோத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன். இதுல என் நோவைக் காட்டிப் பிச்சை எடுக்கவா?"

அந்த நெஞ்சுக்காகத்தான் எல்லாமே. மறுநாள் மத்தியானத்துக்குள் நூறு தட்டு நீளாவிட்டால் அந்த விறகுக்கு முன்னால் உட்காரப்போவது அவர்தான். அப்போதும் அதை எடுத்து விற்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டத்திலிருந்து முனியம்மா வந்தாள். கால்வரைக்கும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் இன்னும் கழற்றாத பிளாஸ்டிக் துணி.

"நீ எதுக்குடி அம்பிகா தப்பு என்னோடதுங்கற? அந்த நோட்டீஸ எழுதனது நீயா?"

"சோறு போட்டது நான்தான முனிம்மா. நான் சொல்லியிருக்கணும்."

"எழுதனது யாருன்னு கேட்டேன்."

 அம்பிகா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைசிவரைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. நான் மைக்கை வாங்கினேன்.

"எழுதினது நான்," என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. "தோல்ங்கற வார்த்தைய எடுத்தது நான். இந்த அக்கா அன்னைக்கே கேட்டாங்க. நான்தான் கேக்கல."

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினாறு வருஷமா சவ்வு சீவறேம்மா. பஸ்ல ஏறினா பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். சரி, பழகிப் போச்சு. நான் சீவித் தள்ளுனது எல்லாம் ஆத்தங்கரையில நாறிக் கெடந்துச்சு. அதுவும் பழகிப் போச்சு. இன்னைக்கு அந்தச் சவ்வுல எம் பொண்ணுக்குச் சோறு வேவுது. மூணு வாரமா வேவுது. அதை ஊரெல்லாம் நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கறீங்க, அதுல இயற்கைன்னு இருக்குது, நீலச் சுடர்னு இருக்குது. எங்க வேலை எங்க? அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

பதில் சொல்ல எனக்கு எவ்வளவோ நல்ல வார்த்தைகள் தெரியும். அதுதானே என் பிழைப்பு. ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஆமா," என்றேன்.

"மைக் ஆன்ல இருக்குது மேடம்," என்று பாஷா பாய் முன்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"இருக்கட்டும் பாய்," என்றேன்.

 முனியம்மா சிரிக்கவும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. "இதையாச்சும் ஒழுங்கா சொன்னியே" என்று முனகிவிட்டு நகரப் பார்த்தாள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கி அவள் பின்னாலேயே போனேன். சவ்வு சீவுகிறவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பதினோரு பேர். இரண்டாவது துண்டறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். அந்தத் திட்டத்துக்காக நான் ஒருவரிடம் கேட்டு எழுதிய முதல் விஷயம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். சத்துணவுக் கூடத்து வாசலில் அன்றைய சமையல் என்னவென்று சாக்கட்டியில் எழுதும் கரும்பலகை ஒன்று உண்டு. ஏழு வருடம் போர்டில் எழுதின கை. எழுதினேன்.

'இன்று: சாதம், முருங்கைக்காய் சாம்பார். அடுப்பு எரிவது: தோல் சவ்வு வாயுவில். சவ்வு சீவியவர்கள்:' என்று போட்டு, பதினோரு பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். முதல் பெயர் முனியம்மா. அம்பிகா அரிசி களைந்த கையோடு வந்து பார்த்தார். "கடைசிப் பேருக்கு மேல இருக்கற பொம்பளைக்கு இனிஷியல் உண்டு, போடுங்க. கோவிச்சுக்கும்" என்றார். போட்டேன்.

பதினோரு மணிக்கு முனியம்மா வந்தாள். அரை நாள் லீவு போட்டிருந்தாள். கூட இன்னும் ஆறேழு பெண்கள். பலகையின் முன்னால் நின்றார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். தன் பெயர் வரும்போது ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் அம்பிகா அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினார். எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, வாயு எந்த வழியாகப் போகிறது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். மீத்தேன் என்ற வார்த்தை வரவேயில்லை, ஆனால் அவர்களுக்கு எல்லாம் புரிந்தது. நான் இரண்டு பக்கத்தில் சொல்ல முடியாததை அந்த அம்மாள் பத்து நிமிடத்தில் சொன்னார். நான் ஓரமாக நின்று குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

சாம்பாருக்கு இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அம்பிகா தீப்பெட்டியை முனியம்மாவிடம் நீட்டினார். முனியம்மா குச்சியைக் கிழித்து எட்ட நின்று நீட்டினாள். குப்பென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. அவள் குனிந்து கிட்டே போய்ப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

"இது நான் சீவனதாடி?"

"நீ சீவனதுதான். போன வாரம் வந்த ட்ரம்மு."

முனியம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே புகை இல்லை.

மத்தியானம் பெல் அடித்ததும் பி.டி.ஓ. அலுவலக கிளார்க் ஒரு நோட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசையில் முதலில் நின்றது முனியம்மாவின் மகள். அவளுக்குப் பின்னால் அந்தத் தெருப் பிள்ளைகள். அதற்குப் பின்னால் மற்றவர்கள், தூக்குச்சட்டியை மரத்தடியில் வைத்துவிட்டு, எட்டி எட்டி என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டு. அறுபதுவரை நானும் விரல் விட்டு எண்ணினேன். தொண்ணூறில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. நான் மனசுக்குள் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாமதமாக விட்டார்கள், அவ்வளவுதான். நூற்று அறுபத்துநான்கு தட்டு. சோறு பற்றாமல் அம்பிகா இன்னொரு படி அரிசி போட்டார்.

கிளார்க் நோட்டை மூடிவிட்டுக் கூரைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோரம் சவுக்குக் கட்டை ஒழுங்காக, மட்டம் பார்த்து அடுக்கியதுபோல நின்றது.

"இந்த விறகை இன்னாம்மா பண்றது?"

"எடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்கு ஏத்தறதுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் அழகா அடுக்கி வெச்சிருக்கேன்," என்றார் அம்பிகா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, நெடுநேரம் சிரித்தார். எனக்கு அவரைத் தெரிந்த நாளிலிருந்து அவர் சிரிப்பு இருமலில்தான் போய் முடியும். நானும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தோம். அன்று அது வரவில்லை.